வெள்ளை வேன் எங்கே போச்சுனு கேட்ட எல்லாருக்கும்

 

பிப்ரவரி 1 தைப்பூசத்தன்று பத்துமலையில எங்க தண்ணீர்ப் பந்தலுக்கு வந்த பல பேரு ஒரே கேள்வியைத்தான் கேட்டீங்க. "வெள்ளை வேன் எங்கே? வித்துட்டீங்களா?" மோர் கொடுக்கிற அவசரத்தில யாருக்கும் சரியாப் பதில் சொல்ல முடியல. உங்கள்ல பல பேரு புது வண்டிக்குனு பத்து வெள்ளி, இருபது வெள்ளி கொடுத்திருக்கீங்க. அதனால நடந்ததை மறைக்காம எழுதுறது எங்க கடமை. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாப் படிங்க.

முதல்ல அந்த வேனைத் தெரியாதவங்களுக்கு. அது நிசான் வேனட். நம்ம ஊரு ஆளுங்க சுருக்கமா 'சி22'னு சொல்லுவாங்க. 1985-ல ஜப்பான்ல வந்த மாடல். இங்கே செகாம்புட்டில பூட்டி ரொம்ப வருஷம் வித்தாங்க. 1.5 லிட்டர் பெட்ரோல் இஞ்சின், கார்புரேட்டர், கையால போடுற கியர். முன்சீட்டைத் தூக்கினா இஞ்சின் தெரியும். பள்ளிக்கூட வேன், பசார் மாலாம் வேன், பூக்கடை வேன், கேட்டரிங் வேன் எல்லாமே அதுதான். நம்ம பிள்ளைங்கள்ல பாதிப் பேரு அதுல ஏறித்தான் தமிழ்ப்பள்ளிக்குப் போயிருப்பாங்க.

எங்க வண்டியும் பள்ளி வேனாத்தான் இருந்தது. அதை ஓட்டின அண்ணன் எங்க குழுவில ஒருத்தரு. பள்ளி ஓட்டத்தை நிறுத்தினதும் வண்டியை விக்க அவருக்கு மனசு வரல. பின்பக்க சீட்டை மடக்கி, அதுக்கு மேல ஒரு பலகைக் கட்டில் செஞ்சாரு. ஆறடி நீளம், நாலரை அடி அகலம். ரெண்டு துண்டு, நடுவுல கீல். விரிச்சா கட்டில், மடக்கினா ஓரத்தில நிக்கும். ஜன்னலுக்குக் கொசுவலை அண்ணி தைச்சது. இப்ப பிள்ளைங்க யூடியூப்ல 'கேம்பர்வேன்'னு பார்க்கிறாங்களே, அதை அண்ணன் இருபது வருஷத்துக்கு முன்னாலேயே செஞ்சிட்டாரு. அந்தப் பேரு அவருக்குத் தெரியாது. 'படுக்கை வண்டி'னுதான் சொல்லுவாரு.

அந்தப் படுக்கையில யாரெல்லாம் படுத்தாங்கனு நினைச்சுப் பாருங்க. தைப்பூசத்துக்கு முன்னால ஜாலான் துன் எச்.எஸ். லீ மகா மாரியம்மன் கோயில்ல இருந்து வெள்ளி ரதம் புறப்பட்டு, ராத்திரியெல்லாம் ஊர்வலமா பத்துமலைக்கு வரும். கூடவே நடந்து வந்து கால் வீங்கினவங்க படுத்தாங்க. புரட்டாசி சனிக்கிழமை கிள்ளான் பெருமாள் கோயில்ல வரிசையில நின்னு தலை சுத்தினவங்க படுத்தாங்க. மாசி மகத்துக்குப் பங்கோர் போகும்போது லுமுட்ல வண்டியை நிறுத்திட்டு, விடியற்காலைப் படகுக்காக அதுலதான் கண் அசருவோம். பங்குனி உத்திரத்துக்கு மாரான் மரத்தாண்டவர் கோயில்ல தங்க இடம் கிடைக்காத பாட்டிமாருங்களுக்கு அதுதான் வீடு.

அண்ணன் காலமாகி மூணு வருஷம் ஆச்சு. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் அண்ணி சாவியைக் கொண்டு வந்து எங்க கையில கொடுத்தாங்க. "படுக்க இடம் இல்லாதவங்க படுக்கட்டும்"னு சொன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல.

இப்ப கஷ்டமான பகுதிக்கு வர்றோம்.

2025 பங்குனி உத்திரம் ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை. வியாழன் ராத்திரி ஒன்பது மணிக்குக் கிள்ளான்ல இருந்து கிளம்பினோம். மாரான் இங்கிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர். வண்டியில பெரியவங்க ஆறு பேரு. அதுல தெலுக் பூலாய் பாட்டி ஒருத்தங்க. வயசு 78, ஒரு முட்டியில ஆபரேஷன் ஆனவங்க, சர்க்கரை வியாதியும் உண்டு. முப்பது வருஷமா விடாம மாரான்ல பால்குடம் எடுக்கிறவங்க.

காராக் நெடுஞ்சாலையில கெந்திங் செம்பா ஏத்தம் ஏறும்போதே சூட்டு முள் மேலே போச்சு. சுரங்கப் பாதை தாண்டி இறக்கத்தில சரியாயிடும்னு நினைச்சோம். ஆகல. கொஞ்ச தூரத்தில முன்சீட்டுக்கு அடியில இருந்து ஆவி கிளம்பிச்சு. அவசரப் பாதையில ஓரங்கட்டினோம்.

ராத்திரி பதினோரு மணி. தூறல். பக்கத்தில லாரிங்க பறக்குது. ஒவ்வொண்ணும் போகும்போது வேன் ஆடுது. அவசரப் பாதையில நிக்கிற வண்டிக்குள்ள ஆளை உட்கார வைக்கிறது எவ்வளவு ஆபத்துனு உங்களுக்கே தெரியும். அதனால ஆறு பேரையும் ஒவ்வொருத்தரா இறக்கி, இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பாய் விரிச்சு உட்கார வச்சோம். பாட்டிக்கு முட்டி மடங்கல. பால்குடத்து சொம்பை மடியில வச்சுக்கிட்டு, ஒரு குடைக்குக் கீழே, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாங்க. மலாய்க்கார லாரி டிரைவர் ஒருத்தர் நிறுத்தி, தன்னோட கூம்பு ரெண்டையும் பின்னால வச்சு, டார்ச் அடிச்சுக்கிட்டு இழுவை லாரி வர்ற வரைக்கும் எங்க கூடவே நின்னாரு. பேரு கேட்க மறந்துட்டோம். முருகன் வேற வேஷத்தில வருவான்னு சொல்றதை அன்னைக்கு நம்பினோம்.

மாரான் போய்ச் சேரல. விடிஞ்சு ரெண்டு காரை வரவழைச்சு, எல்லாரையும் கிள்ளானுக்கே கூட்டிட்டு வந்தோம். முப்பது வருஷத்தில பாட்டி பால்குடம் எடுக்காத முதல் பங்குனி உத்திரம் அது.

வண்டிக்கு வயசாயிடுச்சு, அதனால நின்னு போச்சுனு எல்லார்கிட்டயும் சொல்லலாம். முதல்ல அப்படித்தான் சொன்னோம். உண்மை அது இல்ல. ரெண்டு மாசத்துக்கு முன்னாலேயே பட்டறைப் போமன் சொல்லியிருந்தாரு, "ரேடியேட்டர் கீழ்க்குழாய் ஊதிப் போச்சு, மாத்திடுங்க"னு. தைப்பூச வேலை முடியட்டும்னு சொன்னோம். முடிஞ்சது. மறந்துட்டோம். ஐம்பது வெள்ளிகூட வராத ஒரு ரப்பர் குழாய். பால்மரம் வெட்டி வளர்ந்த குடும்பம் நாங்க, கடைசியில ரப்பர்தான் எங்களைக் கவுத்துச்சு.

இதுல வெட்கம் என்னன்னா, பகல்ல ஷா ஆலாம் தொழிற்சாலையில சூப்பர்வைசரா நிக்கிறவங்க நாங்க. படிச்சது அஞ்சாம் படிவம் வரைக்கும்தான், ஆனா முப்பது வருஷமா மெஷின் பக்கத்தில நிக்கிறோம். "உடைஞ்ச பிறகு பார்க்காதே, உடையறதுக்கு முன்னால பாரு"னு தினம் காலையில பையன்களுக்குப் பாடம் எடுக்கிறோம். எந்த மெஷினுக்கு எப்ப பெல்ட் மாத்தினோம்னு தேதியோட சொல்லுவோம். சாமி காரியத்துக்கு ஓடுற வண்டிக்கு அப்படி ஒரு நோட்டுப் புத்தகம்கூட நாங்க வைக்கல.

ஒரு வாரம் கழிச்சு பாட்டி வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனோம். பாட்டி கோபப்படல. "வண்டிக்கு வயசாச்சுனு சொல்லாதீங்கப்பா. எனக்கும்தான் வயசாச்சு. மாத்திரை சாப்பிட்டா நடக்கிறேன்ல?"னு கேட்டாங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டு காப்பி குடிச்சிட்டு வந்தோம்.

இஞ்சின் தலை வளைஞ்சு போச்சு. அதைச் சரி பண்ணியிருக்கலாம். அந்த இஞ்சினுக்கு இன்னும் கிள்ளான் ஹாஃப் கட் கடையில சாமான் கிடைக்குது. ஆனா வண்டியைத் தூக்கிப் பார்த்தப்ப அடித்தகடு பல இடத்தில துரு. தள்ளு கதவுப் படிக்குக் கீழே விரல் வச்சா விரல் உள்ளே போகுது. துருவும் ஒரு நாள்ல வர்றது இல்ல. ஆத்துமீறித் தண்ணி தேங்கின வருஷங்கள்ல அடியைக் கழுவி எண்ணெய் அடிக்காம விட்ட கணக்கு அது. வேற வண்டி பார்க்கிறதுனு முடிவு பண்ணினோம்.

அங்கேதான் சண்டை ஆரம்பிச்சது. ஒருத்தர் வெல்ஃபயர் எடுப்போம்னாரு, கோயிலுக்கு மதிப்பா இருக்குமாம். இன்னொருத்தர் கடையில ரெடியா செஞ்ச கேம்பர்வேன் படம் காட்டினாரு. அடுப்பு, ஃபிரிட்ஜ், தண்ணித் தொட்டி, வெளியே இழுத்து விடுற கூடாரத் துணி எல்லாம் இருக்கு. அன்னதானக் குண்டானை எங்கே வைக்கிறதுனு கேட்டோம், பதில் இல்ல. வயசானவங்கள்ல ரெண்டு பேரு பழைய சி22 ஒண்ணையே தேடிப் பிடிக்கணும்னு பிடிவாதம். ரெண்டு கூட்டம் கத்தலிலேயே முடிஞ்சது. ஒருத்தர் குழுவை விட்டே போறேன்னு எழுந்துட்டாரு.

அப்ப எங்க குழுத் தம்பி ஒருத்தன் ஒரு விஷயம் சொன்னான். உலகத்திலேயே ஜனங்க ரொம்ப ஆசை வச்ச படுக்கை வண்டி ஃபோக்ஸ்வேகன் கொம்பி. 1950-ல ஜெர்மனியில ஆரம்பிச்சது. 1951-லேயே வெஸ்ட்ஃபாலியாங்கிற கம்பெனி அதுல கட்டில் போட ஆரம்பிச்சிட்டாங்க. பிரேசில்ல 2013 கடைசி வரைக்கும் செஞ்சாங்க. 2014-ல இருந்து ஏர்பேக்கும் ஏபிஎஸ் பிரேக்கும் கட்டாயம்னு அங்கே சட்டம் வந்ததும் நிறுத்திட்டாங்க, ஏன்னா அந்தப் பழைய உடம்புல அதெல்லாம் வைக்க வழி இல்ல. "ஆசை இருந்தா மட்டும் போதுமா அங்கிள்? நம்ம வேன்லயும் அது ரெண்டும் இல்லையே. முன்னால இடிச்சா டிரைவரோட முழங்கால்தானே பம்பர்?"னு கேட்டான். சி22 வேணும்னு சொன்னவங்க அடங்கிட்டாங்க. அண்ணன் இருந்திருந்தா அவரும் அதையேதான் சொல்லியிருப்பாரு.

அப்புறம் தொழிற்சாலையில செய்யற மாதிரியே செஞ்சோம். எந்த வேன் நல்ல வேன்னு கேட்கிறதை விட்டுட்டு, இந்த வேன் என்ன வேலை செய்யணும்னு எழுதினோம். ஒண்ணு, பாட்டி யாரும் தூக்காம ஏறணும். ரெண்டு, ஆறடி ஆளு காலை நீட்டிப் படுக்கணும். மூணு, குண்டானும் அரிசி மூட்டையும் ஏத்திக்கிட்டு கெந்திங் செம்பா ஏறணும். நாலு, பிரிக்பீல்ட்ஸ் சந்துலயும் ஆஸ்பத்திரி மாடிக் கார் நிறுத்தத்திலயும் நுழையணும். அஞ்சு, சாமான் எந்தப் பட்டறையிலயும் கிடைக்கணும். அந்தத் தாளைக் கூட்டத்தில வாசிச்சதும் வெல்ஃபயர் தானா விழுந்துடுச்சு.

பழைய வண்டிக் கடைகளுக்குப் பாட்டியையும் கூட்டிக்கிட்டே போனோம். விக்கிறவங்களுக்கு ஒண்ணும் புரியல. இஞ்சினைப் பார்க்காம, ஒரு வயசான அம்மாவை ஏத்தி இறக்கிக்கிட்டு இருக்காங்களேன்னு பார்த்தாங்க.

டொயோட்டா ஹையேஸ். நல்ல வண்டி, அதுல மாற்றுக் கருத்து இல்ல. உள்ளே இடம் தாராளம், 2.5 லிட்டர் டீசல், எவ்வளவு சுமை வச்சாலும் இழுக்கும். நிசான் அர்வான் என்வி350-யும் அதே வகைதான், அதுவும் 2.5 டீசல். ரெண்டும் ஏறக்குறைய 4.7 மீட்டர் நீளம். ஆனா தரை உயரம். பாட்டியை ரெண்டு பேரு பிடிச்சுத் தூக்க வேண்டியதாச்சு. கிட்டத்தட்ட ரெண்டு மீட்டர் உயரம்கிறதால சில மாடிக் கார் நிறுத்தத்தில யோசிச்சுத்தான் நுழையணும். விலையும் எங்க சக்திக்கு மேல. டீசல் கணக்கும் இப்ப மாறிப் போச்சு. 2024 ஜூன் 10-ல தீபகற்பத்தில டீசல் ஒரே நாள்ல லிட்டர் 2.15 வெள்ளியில இருந்து 3.35 வெள்ளி ஆனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பெட்ரோல் ரோன்95 2025 செப்டம்பர் 30-ல இருந்து குடிமக்களுக்கு 1.99. வாரம் ஒரு தடவை ஓடுற கோயில் வண்டிக்கு இந்த வித்தியாசம் முக்கியம். முப்பது பேருக்குச் சாமான் ஏத்துற பெரிய குழுன்னா ஹையேஸ்தான் சரி. நாங்க சின்னக் குழு.

டைஹாட்சு கிரான் மேக்ஸ். 1.5 லிட்டர் பெட்ரோல், பின்சக்கரம் இழுக்கும், இஞ்சின் முன்சீட்டுக்கு அடியில. மனசுக்கு சி22-வோட தம்பி மாதிரி. நீளம் நாலு மீட்டரை விடக் கொஞ்சம்தான் கூட, அதனால சந்துக்கெல்லாம் ராஜா. சுமையோட ஏத்தம் ஏறும்போது பின்சக்கரம் இழுக்கிறது நல்லது, ஏன்னா பாரம் அந்தச் சக்கரத்து மேலேயே உட்காரும். எங்களுக்கு ரொம்பப் பிடிச்சது. ஆனா சக்தியைப் பின்னால கொண்டு போற தண்டு தரைக்கு அடியில ஓடுறதால தரை உயரமாத்தான் இருக்கும். பாட்டி ஒரு காலை வச்சுட்டு, அடுத்த காலைத் தூக்க முடியாம நின்னுட்டாங்க. தொண்டர் பையன்கள் மட்டும் தூங்குற வண்டின்னா இதையே எடுத்திருப்போம்.

நிசான் என்வி200. 2009-ல உலகத்துக்கு வந்த மாடல், 1.6 லிட்டர் பெட்ரோல். நியூயார்க் நகரமே மஞ்சள் டாக்ஸிக்கு ஒரு காலத்தில இதைத்தான் தேர்ந்தெடுத்தது. இதுல இஞ்சின் முன்மூக்கில இருக்கு, முன்சக்கரம் இழுக்குது. அதனால தரைக்கு அடியில தண்டு இல்ல, தரை தாழ்வு. பின்கதவுப் பக்கம் ஏறக்குறைய 52 சென்டிமீட்டர்தான். முன்னால மூக்கு இருக்கிறதால இடிச்சா டிரைவர் காலுக்கு முன்னால கொஞ்சமாவது இரும்பு இருக்கு. நீளம் 4.4 மீட்டர், உயரம் 1.85 மீட்டர் பக்கம். குறை என்னன்னா, பின்னால சுமை கூடினா ஈர ஏத்தத்தில முன்சக்கரத்துக்குப் பிடி குறையும். அதனால குண்டானை முன்பக்கமா தள்ளி வைக்கணும், பின்கதவு ஓரமா வைக்கக் கூடாது. இன்னொரு குறை, நாங்க பார்த்த வண்டியில சீட் அஞ்சுதான். பழைய வேன் அளவுக்கு ஆள் ஏத்த முடியாது.

பாட்டி தள்ளு கதவு ஓரம் போனாங்க. முதல்ல உட்கார்ந்தாங்க, அப்புறம் ரெண்டு காலையும் உள்ளே இழுத்துக்கிட்டாங்க. யாரும் தொடல. "எங்க லயத்து வாசப்படி உயரம்தான் இருக்கு"ன்னு சொன்னாங்க. அவங்க பிறந்து வளர்ந்த தோட்டத்து வீட்டைச் சொல்றாங்க. அந்த லயம் இப்ப இல்ல.

அங்கேயே முடிவு ஆயிடுச்சு. குழுவை விட்டுப் போறேன்னு சொன்னவர்தான் முதல்ல கையைத் தூக்கினாரு.

ஏர்பேக், ஏபிஎஸ் விஷயத்தில ஒரு எச்சரிக்கை. மாடல் பேரை நம்பாதீங்க. வருஷத்துக்கு வருஷம், வகைக்கு வகை மாறும். வாங்கப் போற அந்த வண்டியிலேயே இருக்கானு பாருங்க. பழைய வண்டின்னா பேர் மாத்துறதுக்கு முன்னால புஸ்பகோம் சோதனை உண்டு. ஆனா அது துருவுக்கு ஆயுள் ஜாதகம் எழுதித் தராது. நீங்களே படுத்து அடியைப் பார்க்கணும்.

படுக்கை வைக்கிறதுக்கும் சில விஷயம் சொல்லணும், ஏன்னா நாலஞ்சு கோயில் குழுக்கள் எங்ககிட்ட கேட்டிருக்காங்க.

சீட்டைக் கழட்டாதீங்க, உடம்பை வெட்டாதீங்க. அப்படி மாத்தணும்னா ஜேபிஜே ஒப்புதல் வாங்கணும். நம்ம கட்டில் கழட்டி வைக்கிற கட்டில்தான், ஆனாலும் சந்தேகம் இருந்தா ஜேபிஜே கவுண்டர்ல கேட்டுட்டுச் செய்யுங்க. கிராண்ட்ல எத்தனை சீட்டோ அத்தனை பேரு. ஓடும்போது எல்லாரும் பெல்ட் போட்டு சீட்ல. படுக்கை நின்ன பிறகுதான். பழைய வண்டியில இந்த விஷயத்தில நாங்க எப்பவும் ஒழுங்கா இருந்தோம்னு சொல்ல முடியாது. இனிமே ஒழுங்கு. அஞ்சு பேருக்கு மேல இருந்தா கார்ல வரட்டும்.

ஏர்கோனுக்காக இஞ்சினை ஓட விட்டு, கண்ணாடியை மூடித் தூங்கவே கூடாது. புகையில இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல, வாடையும் இல்ல. தூங்குறவங்க எழுந்திரிக்கவே மாட்டாங்க. நம்ம நாட்டிலேயே இப்படி உயிர் போயிருக்கு. கண்ணாடியைப் பாதி இறக்கி, கொசுவலை மாட்டி, 12 வோல்ட் ஃபேன் போடுங்க. கணக்கு சுலபம். ஒரு சின்ன ஃபேன் ஒன்றரை ஆம்பியர் எடுக்கும். ரெண்டு ஃபேன் மூணு ஆம்பியர். எட்டு மணி நேரத்துக்கு 24 ஆம்பியர்-அவர். வண்டியோட சொந்த பேட்டரி 45-ன்னு வைங்க, பாதிக்கு மேல போயிடும், காலையில ஸ்டார்ட் ஆகாது. அதனால தனியா 100 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒண்ணு. அதுல பாதியை மட்டும் செலவு பண்ணினா ரெண்டு ராத்திரி தாங்கும். நடுவுல ஃபியூஸ் கட்டாயம்.

ஜப்பான்ல 3.4 மீட்டர் நீளம், 660 சிசி மட்டுமே உள்ள குட்டி வேன்ல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் படுத்து ஊர் சுத்துறாங்க. இடம் பெருசா இருக்கணும்னு இல்ல. தரை சமமா இருக்கணும், கால் நீளணும், காத்து வரணும். அவ்வளவுதான்.

கடைசியா அண்ணனோட கட்டில். புது வண்டியில நாலரை அடிப் பலகையை சக்கர மேட்டுக்கு மேல தூக்கி வச்சாத்தான் நிக்கும். அப்ப பாட்டியால ஏற முடியாது. சக்கர மேட்டுக்கு நடுவுல தாழ்வா வைக்கணும்னா அங்கே அகலம் நாலடிதான். அண்ணன் கையால இழைச்ச பலகையில அரை அடிக்கு மேல வெட்டணும். எங்கள்ல யாருக்கும் ரம்பத்தைத் தொட தைரியம் வரல. புதுப் பலகை வாங்கிடலாம்னுகூடப் பேசினோம்.

அண்ணியைக் கேட்கப் போனோம். பழைய வேனை ஹாஃப் கட் கடைக்குக் கொடுக்கிறதுக்கும் அவங்க சம்மதம் வேணும். எல்லாத்தையும் கேட்டாங்க. உள்ளே போய் அண்ணனோட அளவு நாடாவைக் கொண்டு வந்து கொடுத்தாங்க. "அவரு பலகைக்காகவா கட்டில் செஞ்சாரு? படுக்கிறவங்களுக்காகத்தானே. வெட்டுங்க"ன்னாங்க. கோயில் பின்பக்கம் வச்சு நாங்களே வெட்டினோம். வெட்டின துண்டு வீணாகல. பாட்டி கால் வைக்க ஒரு சின்ன முக்காலி ஆச்சு.

போன வாரம்தான் பேர் மாத்துற வேலை முடிஞ்சது. அதனாலதான் தைப்பூசத்துக்கு வாடகை வேன்ல வந்தோம். பழைய வேன் போயிடுச்சு. அதோட கதவும் கண்ணாடியும் இப்ப எந்தப் பள்ளி வேன்ல ஓடுதோ, நல்லா ஓடட்டும். வரவு செலவு நோட்டு கோயில் அலுவலகத்தில இருக்கு. யார் வேணாலும் வந்து பார்க்கலாம்.

இன்னொரு நோட்டும் இருக்கு. புது வண்டியில முருகன் படத்துக்குப் பக்கத்தில ஆணியில தொங்குது. எண்ணெய், குழாய், பெல்ட், பிரேக், டயர், பேட்டரி, எல்லாத்துக்கும் தேதி. மாசத்தில முதல் ஞாயிறு காலை பூசை முடிஞ்சதும் ரெண்டு பேரு பார்த்துக் கையெழுத்துப் போடணும். ஒருத்தர் பெரியவரு, ஒருத்தர் பதினெட்டு வயசுக்குக் கீழே. அடுத்த தலைமுறைக்கும் கைப்பழக்கம் வரணும். கையெழுத்து இல்லாத மாசம் வண்டி கிள்ளானைத் தாண்டாது. விளக்குக்கு எண்ணெய் ஊத்த மறக்காத நாம, வண்டிக்கு எண்ணெய் பார்க்க மட்டும் ஏன் மறக்கிறோம்னு எங்களையே கேட்டுக்கிட்டோம். அதுவும் சாமி காரியம்தான்.

பங்குனி உத்திரத்துக்கு மாரான் போறோம். முதல் சீட் பாட்டிக்கு. பால்குடத்து சொம்பை இப்பவே துலக்கி வச்சிட்டாங்களாம். மீதி மூணு சீட் இருக்கு. உங்க தாமான்ல தனியா இருக்கிற, போக ஆசை இருந்தும் கூட்டிப் போக ஆள் இல்லாத பெரியவங்க யாராவது இருந்தா, கோயில்ல வந்து பேர் கொடுங்க. கார்ல பின்னால வர்றவங்களும் வரலாம். ராத்திரியில போகல, இந்தத் தடவை பகல்லயே கிளம்புறோம்.

காராக்ல எங்களோட நின்ன அந்த லாரி டிரைவர் எங்கே இருந்தாலும் நல்லா இருக்கணும்னு நீங்களும் ஒரு நிமிஷம் வேண்டிக்குங்க.

முருகா சரணம். 🙏